சைவக் காட்டேரிகளும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும்



சென்ற மாதம் தமிழ்ப் பள்ளி முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தாய் ஒருவர் என்னை மறித்து ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, நீங்கள் படங்களைப் பற்றி எழுதுகிற ஆள்தானே. என்ர மூத்தவள் இரவிரவாகப் போர்வைக்குள்ள ரெலிபோனை வைச்சுக்கொண்டு இரத்தம் குடிக்கிற பேய்ப் படம் பாக்கிறாள். வயது பதின்மூன்று. தலையணை மாதிரித் தடித்த புத்தகமும் வைச்சிருக்கிறாள். பறிச்சு வைக்கட்டோ, விடட்டோ?"

அவர்கள் பலெர்மோவுக்கு வந்து இரண்டு வருடம். தாய்க்கு இத்தாலி மொழி இன்னும் வசப்படவில்லை. புத்தகத்தை இரவல் கொடுத்தது மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த முதற் சிநேகிதி. பறித்தால் என்ன பறிபோகும் என்பது அந்தத் தாய்க்கும் விளங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்னிடம் கேட்க வந்திருக்க மாட்டார். படலையடியில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

அந்தப் புத்தகத்தின் பெயர் 'ருவைலைற்'. எழுதியவர் ஸ்டெபனி மேயர் என்ற அமெரிக்கப் பெண். மூன்று சிறு ஆண்பிள்ளைகளை வீட்டில் வைத்து வளர்த்துக்கொண்டிருந்தவர், 2003ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் கண்ட ஒரு கனவைக் கதையாக்கினார். 2005இல் முதற் புத்தகம் வந்தது. 2008க்குள் நாலு புத்தகங்கள். பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன. அதே 2008இல் படம் எடுக்கத் தொடங்கி, நாலாவது புத்தகத்தை இரண்டாகப் பிரித்து, 2012இல் ஐந்தாவது படத்தோடு முடித்தார்கள். அப்போது பார்த்த பெட்டைகள் இப்போது தாய்மாராகிவிட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பதின்மூன்று வயதாகிற பிள்ளைகள் இதைத் தேடிப் பிடித்துப் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

கதை இதுதான். பெல்லா என்ற பதினேழு வயதுப் பெண், பெற்றோர் பிரிந்துவிட்டதால், தகப்பனோடு இருப்பதற்காக 'போர்க்ஸ்' என்ற ஊருக்கு வருகிறாள். அமெரிக்காவில் எங்கே மழை அதிகம் என்று தேடித்தான் மேயர் அந்த ஊரைப் பிடித்தாராம். வகுப்பில் எட்வேர்ட் என்று ஒரு வெளிறிய பெடியன். பார்க்கப் பதினேழு வயது. ஆனால் 1918இல் ஸ்பானியக் காய்ச்சல் வந்து சாகக் கிடந்தபோது, ஒரு டொக்டர் கடித்துக் 'காப்பாற்றிய' இரத்தக்காட்டேரி அவன். அந்த டொக்டரும் காட்டேரி. ஒரு குடும்பமே அப்படி. ஆனால் மனித இரத்தம் தொடமாட்டார்கள்; காட்டு மிருகங்களின் இரத்தம் மட்டும்தான். அதனால் தங்களைத் தாங்களே 'சைவம்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. படத்தில் எட்வேர்டே சொல்கிறான். வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற என் மனைவி இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

வெயில் பட்டால் இவர்கள் எரிந்து சாம்பலாக மாட்டார்கள். தோல் வைரம் மாதிரி மின்னும். ஆட்கள் கண்டுகொள்வார்கள் என்பதற்காக மழை ஊர்களாகப் பார்த்துக் குடியிருக்கிறார்கள். பலெர்மோவின் ஆடி வெயிலுக்கு ஒரு நாள் தாக்குப்பிடிக்க மாட்டார்கள்.

பேய் என்றதும் எங்கள் தாய்மார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஊரில் பேய் என்றால் விளையாட்டில்லை. புளியமரத்தடி, சுடலைப் பக்கம், மத்தியான நேரம், மோகினி, கொள்ளிவாய்ப் பேய், காட்டேரி. பிள்ளை திடுக்கிட்டால் திருநீறு போட்டு நூல் கட்டுவோம். ஆனால் எங்கள் பேய்க்கும் இவர்களின் பேய்க்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எங்கள் பேய்க்கு வழக்கு இருக்கும். பழையனூர் நீலியாகட்டும், 2005இல் வந்த சந்திரமுகியாகட்டும், 2011இல் வந்த காஞ்சனாவாகட்டும், அநியாயமாகச் செத்த ஒருவர் நியாயம் கேட்டு வருவதுதான் கதை. வழக்குத் தீர்ந்தால் பேய் போய்விடும். ஐரோப்பியக் காட்டேரிக்கு வழக்கு ஒன்றும் இல்லை. அவனுக்கு வேண்டியது இரத்தமும், முடிவில்லாத ஆயுளும்.

இன்னொன்று தெரியுமா? அம்புலிமாமாவில் நாங்கள் வாசித்த வேதாளம், விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு கதை சொல்லிக் கேள்வி கேட்குமே, அந்தக் கதைகளை றிச்சர்ட் பேர்ட்டன் என்ற ஆங்கிலேயர் 1870இல் ஆங்கிலத்தில் எழுதியபோது வேதாளத்துக்கு 'வம்பையர்' என்றுதான் பெயர் வைத்தார். டிராகுலா நாவல் வந்தது 1897இல். அதற்கு 27 வருடங்களுக்கு முன்பே எங்கள் வேதாளம் லண்டனில் காட்டேரியாகப் பதிந்துவிட்டது.

அதற்கும் முன்னால் ஒரு இத்தாலிக்காரக் கதை இருக்கிறது. ஆங்கிலத்தில் முதன்முதலாக இந்தக் காட்டேரிப் பிரபுவை வைத்துக் கதை எழுதியவர் ஜோன் பொலிடோரி. பெயரைப் பார்த்தாலே தெரியும். தகப்பன் தொஸ்கானாவிலிருந்து லண்டனில் குடியேறிய இத்தாலியர். மகன் அங்கேயே பிறந்து, டொக்டருக்குப் படித்து, கவிஞர் பைரனுக்கு வைத்தியராகப் போனார். 1819இல் அவருடைய கதை சஞ்சிகையில் அச்சானபோது மேலே போட்டிருந்த பெயர் பைரனுடையது! எழுதியது புலம்பெயர்ந்தவரின் மகன். பெயர் போனது பிரபுவுக்கு. இரண்டு வருடத்தில், இருபத்தைந்து வயதில், அவர் இறந்தும் போனார்.

டிராகுலாவையே எடுங்கள். எங்களைப் போன்றவர்கள் அந்தக் கதையை வேறு கண்ணால்தான் வாசிக்க முடியும். அவன் கப்பலில் இங்கிலாந்துக்கு வருகிறான். கூடவே 50 பெட்டிகள். பெட்டி நிறைய அவனுடைய ஊர் மண். ஊர் மண்ணில் படுத்தால்தான் அவனுக்கு நித்திரை. வருவதற்கு முன்னால் ஆங்கிலப் புத்தகங்களை வாங்கி வைத்து இரவிரவாகப் பேசிப் பழகுகிறான். ஏனென்றால் லண்டனில் வாயைத் திறந்தவுடன் 'இவன் அந்நியன்' என்று ஒருவரும் கண்டுபிடிக்கக் கூடாது. இதை வாசித்தபோது எனக்குப் பேயின் பயம் வரவில்லை. பல்லறோச் சந்தையில் மீன் விலை கேட்கத் தயங்கி நின்ற எங்கள் ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ருவைலைற் குடும்பமும் அப்படித்தான். சில வருடங்களுக்கு ஒருமுறை ஊர் மாறவேண்டும். வயது ஏறாததை அயலார் கவனிக்கமுன் கிளம்பிவிடவேண்டும். யார் கேட்டாலும் எல்லோரும் ஒரே கதையைச் சொல்லவேண்டும். கடைசிக் கதையில் கள்ளப் பாஸ்போட் அடிக்கிற ஆள்கூட வருகிறார். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. வந்த வழி எல்லோருக்கும் தெரியும். இரவு வேலைக்குப் போய்விட்டு விடியப் படுத்து, ஜன்னலை அடைத்து மத்தியானம் வரைக்கும் தூங்குகிற எங்களைப் பார்த்தால் மேல்மாடிக்காரர் என்ன நினைக்கிறாரோ!

இனிப் படத்துக்கு வருவோம். முதற் படத்தை எடுத்தவர் காதரின் ஹார்ட்விக் என்ற பெண் இயக்குனர். சுமார் 3 கோடி 70 இலட்சம் டொலர் செலவில் எடுத்த படம் 40 கோடி டொலர் அளவுக்கு வசூலித்தது. அதன் பிறகு வந்த நாலு படங்களையும் ஆண்களிடம் கொடுத்தார்கள். என் அபிப்பிராயத்தில் ஐந்தில் நல்லது முதலாவதுதான். காசு குறைவு, பாய்ச்சல் சண்டைகள் பார்க்கச் சிரிப்பு வரும். ஆனாலும் மழையும் பாசி பிடித்த மரமும் ஒரு பெட்டையின் தனிமையும் அதில் உண்மையாக இருக்கிறது. ஐந்து படங்களும் சேர்ந்து 330 கோடி டொலருக்கு மேல் உழைத்தன.

புத்தகத்தைப் படமாக்குவதில் ஒரு கஷ்டம் இருந்தது. நாவல் முழுவதும் பெல்லாவின் மனதுக்குள் ஓடுகிறது. மனதைக் கமராவால் பிடிக்க ஏலாது. ஐந்து படங்களுக்கும் திரைக்கதை எழுதியவர் மெலிசா றோசன்பேர்க் என்ற ஒரே ஆள். அவர் பெல்லாவின் குரலைப் பின்னால் பேச வைத்துச் சமாளித்தார். 'நியூ மூன்' கதையில் எட்வேர்ட் அவளை விட்டுப் போனதும், புத்தகத்தில் மாதங்களின் பெயர் மட்டும் போட்ட வெற்றுப் பக்கங்கள் வரும். படத்தில் அவள் கதிரையில் இருக்கிறாள்; கமரா அவளைச் சுற்றுகிறது; ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி போய்க் கார்த்திகை போய் மார்கழியும் போகிறது. நல்ல காட்சி. ஆனால் கடைசிப் படத்தில் செய்தது வேறு வேலை. புத்தகத்தில் கடைசியில் சண்டையே கிடையாது. பேசிக் கலைந்து போவார்கள். தியேட்டருக்கு அது போதாது என்று ஒரு பெரும் யுத்தத்தை வைத்து, தலைகளைக் கழற்றி எறிய விட்டு, பிறகு 'இது நடக்கப்போவதைக் கண்ட தரிசனம்' என்று துடைத்துவிட்டார்கள். புத்தகம் வாசித்த பிள்ளைகள் உட்பட எல்லோரும் ஏமாந்தார்கள். ஏமாந்ததில் சந்தோஷமும் பட்டார்கள்.

இந்த வெற்றியைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். 'நியூ மூன்' எடுத்த கிறிஸ் வைற்ஸின் தமையன் போல் வைற்ஸ், அதே 2009இல் டரன் ஷான் எழுதிய காட்டேரிக் கதைகளில் மூன்றை ஒன்றாகப் பிசைந்து ஒரு படம் எடுத்தார். எடுபடவில்லை. 2014இல் 'வம்பையர் அக்கடமி' வந்தது. அதுவும் படுத்துவிட்டது. காட்டேரி இருந்தால் போதும் என்று நினைத்தார்கள் போலும். பெட்டைகள் பார்த்தது காட்டேரியை அல்ல, பெல்லாவை.

'நியூ மூன்' கதையின் முடிவு நடப்பது இத்தாலியில். காட்டேரிகளுக்கெல்லாம் சட்டம் விதிக்கிற அரச குடும்பம் தொஸ்கானாவில் வொல்தேரா என்ற ஊரில் இருக்கிறதாம். எட்வேர்ட் சாவதற்காக அங்கே வந்து, நடு மத்தியானம் ஊர்ச் சதுக்கத்தில் வெயிலில் இறங்கப் பார்க்கிறான். வொல்தேரா உண்மையான ஊர். அதன் நகரசபை மாளிகை 1208இல் கட்டத் தொடங்கியது. ஆனால் படப்பிடிப்பு நடந்தது அதே தொஸ்கானாவில் மொன்ரேபுல்சியானோ என்ற இன்னொரு ஊரில். அங்கே சதுக்கம் முழுவதும் சிவப்பு அங்கி போட்ட ஆட்களை நிறைத்து, பெல்லாவை அவர்களுக்குள்ளால் ஓடவிட்டு எடுத்தார்கள்.

அந்தப் படப்பிடிப்பு நடந்தது 2009ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில். அந்த மே மாதம் எங்களில் பலர் எங்கே நின்றோம் என்று எழுதத் தேவையில்லை. 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. மிஞ்சியவர்கள் மெனிக் பாம் முட்கம்பிக்குள் தண்ணீருக்கு வரிசையில் நின்ற அந்த நாட்களில், இங்கே இத்தாலியில் ஒரு பெட்டை சிவப்புக் கூட்டத்துக்குள்ளால் காதலனைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்தாள். அதற்காகப் படத்தின் மீது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. உலகம் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் அந்தக் காட்சியை அக்காவின் மகளோடு இருந்து பார்த்தபோது, "மாமா, ஏன் பேசாமல் இருக்கிறீங்கள்?" என்று கேட்டாள். திகதியைச் சொன்னேன். படத்தை நிறுத்திவிட்டு அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாக என்னிடம் ஊரைப் பற்றிக் கேட்டாள். பத்து வருடமாக நான் சொல்லத் தொடங்கி அவள் கேட்காத கதை.

இந்தக் கதையில் எட்வேர்டுக்குப் போட்டியாக ஜேக்கப் என்று ஒரு பெடியன் வருகிறான். ஓநாயாக மாறுகிறவன். அவனுடைய இனம் 'குயிலியூட்'. இது மேயரின் கற்பனை இல்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையில், லா புஷ் என்ற கடற்கரைக் கிராமத்தில் வாழும் உண்மையான ஆதிக்குடி மக்கள். ஆயிரம் பேருக்கும் குறைவு. 1889இல் இவர்கள் கூலிக்குப் பயிர் பிடுங்கப் போயிருந்த நேரம் பார்த்து, நிலத்துக்கு ஆசைப்பட்ட வெள்ளைக்காரக் குடியேறி ஒருவர் கிராமத்துக்கு நெருப்பு வைத்தார். 26 வீடுகளும், பரம்பரையாக வைத்திருந்த முகமூடிகளும் கூடைகளும் சாமான்களும் எரிந்தன. திரும்பி வந்து சாம்பலைப் பார்த்தார்கள். அரசாங்கம் இவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தது ஒரு சதுர மைல் நிலம். ஓநாயிலிருந்து தாங்கள் மனிதராக்கப்பட்டோம் என்பது இவர்களின் பழைய கதை. மேயர் அதைத் தலைகீழாக்கி மனிதனை ஓநாயாக்கினார். இவர்களின் பெயரைப் போட்டுச் சட்டையும் மாலையும் பையும் விற்றுக் கடைக்காரர் உழைத்தபோது இவர்களுக்கு அதில் பங்கு வரவில்லை. ஒன்று மட்டும் நடந்தது: ஆட்கள் தேடி வரத் தொடங்கினார்கள், பெயர் வெளியே தெரிந்தது. ஆழிப்பேரலை வந்தால் தங்கள் பள்ளிக்கூடம் அள்ளுண்டு போகும், மேட்டு நிலம் தாருங்கள் என்று நெடுங்காலம் கேட்டவர்களுக்கு, 2012 மாசியில் சட்டம் போட்டு 785 ஏக்கர் கொடுத்தார்கள். 2004 மார்கழியைக் கண்ட எங்களுக்கு அந்த மேட்டு நிலத்தின் அருமை விளங்கும். படம் பார்க்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

இனித் தாய்மாருக்கு. இந்தப் படங்களில் நீங்கள் பயப்படவேண்டியது இரத்தத்துக்கு அல்ல. இரத்தம் குறைவு. முத்தத்துக்கும் அல்ல; கலியாணம் முடியும் வரைக்கும் அந்தப் பெடியன் எல்லையைத் தாண்டமாட்டேன் என்று நிற்கிறான், எங்கள் ஊர்ப் பெரியவர்களே மெச்சுவார்கள். பயப்படவேண்டியது வேறு விஷயத்துக்கு. அவன் இரவில் அவளுடைய அறைக்குள் சொல்லாமல் புகுந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவள் மற்றப் பெடியனைப் பார்க்கப் போகக்கூடாது என்று அவளுடைய வாகனத்தைக் கிளம்பாமல் கழற்றி வைக்கிறான். 'உன் நன்மைக்குத்தான்' என்று சொல்லித் தன் பாட்டில் முடிவெடுத்து விட்டுப் போகிறான். அவளோ மாதக்கணக்கில் சாப்பாடு தண்ணி இல்லாமல் கிடந்து, அவன் உருவம் கண்ணுக்குத் தெரியும் என்பதற்காக மலைமுகட்டிலிருந்து கடலுக்குள் குதிக்கிறாள். இதைப் பின்னணி இசையோடு வடிவாகக் காட்டினால் பதின்மூன்று வயதுப் பிள்ளை இதுதான் அன்பு என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் தமிழ்ப் படத்தில் கதாநாயகன் பெட்டையைத் துரத்தித் துரத்திப் பாட்டுப் பாடுவதைக் குடும்பமாக இருந்து பார்த்துவிட்டு, இதை மட்டும் கெட்டது என்று சொல்லவும் முடியாது. இரண்டும் ஒன்றுதான். ரெலிபோனை யாராவது நோண்டினால், எங்கே போகிறாய் யாரோடு போகிறாய் என்று மறித்தால், அது காவல், காதல் இல்லை என்று பிள்ளைக்குச் சொல்ல இந்தப் படம் நல்ல சாட்டு. அடுத்தவரின் கதையை வைத்துப் பேசும்போது பிள்ளைகள் காது கொடுப்பார்கள்.

தகப்பன்மார் பார்க்கவேண்டியது பெல்லாவின் தகப்பன் சார்லியை. பொலிஸ்காரர், பேச்சுக் குறைவு, சமைக்கத் தெரியாது, மகளிடம் அன்பைக் காட்டவும் தெரியாது. மகள் வேறு உலகத்துக்குப் போகிறாள் என்பது அவருக்குத் தெரிகிறது. என்ன உலகம் என்று தெரியவில்லை. கடைசியில் மகள் மனுஷியே இல்லை என்றான பிறகு, "எனக்கு எவ்வளவு தெரியவேண்டுமோ அவ்வளவு சொன்னால் போதும், ஆனால் என்னை விட்டுப் போய்விடாதே" என்ற மாதிரி அவர் நடந்துகொள்கிறார். ஐந்து படங்களிலும் எனக்குத் தொண்டை அடைத்த இடம் அதுதான். வீட்டுக்குள் தமிழ், வெளியில் சிசிலிக்காரப் பேச்சு என்று வளர்கிற பிள்ளைகளின் தகப்பனுக்கு அது விளங்கும்.

மொழி விஷயமாக ஒன்று. இத்தாலியில் வெளிநாட்டுப் படம் எல்லாம் இத்தாலி மொழியில்தான் பேசும். 1930இல் முசோலினியின் அரசு படங்களில் அந்நிய மொழி கேட்கக்கூடாது என்று தடை போட்டது. அந்த ஆட்சி போய்விட்டது. குரல் மாற்றுகிற பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அதனால் இங்கத்தைப் பிள்ளைகளுக்கு எட்வேர்டின் குரல் ஸ்டெபானோ கிரெசென்தினியின் குரல், பெல்லாவின் குரல் பெதரிக்கா டி போர்தொலியின் குரல். அவர்கள் தெளிவாக, நிறுத்தி, சின்ன வசனங்களாகப் பேசுகிறார்கள். சந்தைப் பேச்சை விட, தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் போடுகிற சத்தத்தை விட, இதிலிருந்து இத்தாலி மொழி பிடிப்பது சுகம். கீழே எழுத்தையும் இத்தாலி மொழியிலேயே போட்டுக்கொண்டு பாருங்கள். கேட்ட சொல்லைக் கண்ணாலும் காணலாம். விளங்காததை மகளிடம் கேளுங்கள். சொல்லிக் கொடுப்பதில் பிள்ளைகளுக்கு ஒரு பெருமை.

ஆகவே அந்தத் தாய்க்கு என் பதில்: புத்தகத்தைப் பறிக்கவேண்டாம். இரவில் ரெலிபோனைப் பறியுங்கள், அது நித்திரைக்காக. சனிக்கிழமை பின்னேரம் தேத்தண்ணியும் போட்டு, படத்தைப் பெரிய திரையில் போடச் சொல்லி, பக்கத்தில் இருங்கள். முதலாவதிலிருந்து ஒழுங்காகப் பாருங்கள். நடுவில் தொடங்கினால் ஒன்றும் விளங்காது. 2011இல் வந்த நாலாவது படத்தில் பிள்ளைப்பேற்றுக் காட்சி ஒன்று இருக்கிறது, அது கடுமை. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளதுகளை அந்த நேரம் கடைக்கு அனுப்புங்கள். கர்ப்பிணித் தாய்மாரும் அந்தப் படத்தை விட்டுவிடலாம்.